இரண்டு ஊழியங்கள்: அழைப்பை ஏற்ற தலித்துகளும் அவர்களை எதிர்த்தவர்களும்



இந்த அரங்கில் கூடியிருக்கும் நாம் எல்லோரும் ஒரே நம்பிக்கையைச் சேர்ந்தவர்கள் அல்லர். ஞாயிறுதோறும் ஆலயத்துக்குப் போகிறவர்கள் நம்மில் உண்டு. பாபாசாகேப் காட்டிய வழியில் பௌத்தம் ஏற்றவர்கள் உண்டு. குலசாமியை விடாதவர்கள் உண்டு. எந்தச் சாமியும் வேண்டாம் என்பவர்களும் உண்டு. எனவே இந்த நினைவுச் சொற்பொழிவுக்கு நாம் எடுத்துக்கொண்ட பொருள் சிலருக்கு வியப்பாக இருக்கலாம். கிறிஸ்துவை அறிவிக்கும்படி தமக்கு அழைப்பு வந்தது என்று நம்பி, அடியும் பட்டினியும் விலக்கும் வந்தபோதும் அதை விடாமல் செய்த தலித்துகளைப் பற்றிப் பேசப்போகிறோம். அவர்களுடைய நம்பிக்கை மெய்யா பொய்யா என்று தீர்ப்புச் சொல்ல நாம் இங்கே கூடவில்லை. அவர்களை யார் எதிர்த்தார்கள், அவர்களிடம் இருந்த எதை எதிர்த்தார்கள் என்று பார்க்கப்போகிறோம். சாதி எப்படி வேலை செய்கிறது என்பதை அந்த எதிர்ப்பு நமக்குக் காட்டித்தரும்.

ஒரு சொல்லிலிருந்து தொடங்குவோம். பழைய திருவிதாங்கூரில் ‘ஊழியம்’ என்றால் அரசுக்கும் கோயிலுக்கும் கூலியில்லாமல் செய்தாக வேண்டிய கட்டாய வேலை. சுமை தூக்குவது, வழி செதுக்குவது, வெட்டுவது, கட்டுவது என்று கூப்பிட்ட நேரத்துக்குப் போயாக வேண்டும். கூப்பிட்டால் போக வேண்டியவர்கள் ஒடுக்கப்பட்ட சாதியினர். அதே சொல்லைத்தான் தமிழ்க் கிறிஸ்தவர்கள் இறைப்பணிக்கும் வைத்துக்கொண்டார்கள். இன்றும் ஊருக்கு ஊர் ‘ஊழியக்காரர்’ இருக்கிறார். முதல் ஊழியத்துக்கு அழைத்தவன் அதிகாரி. மறுத்தால் அடி விழும். இரண்டாவது ஊழியத்துக்கு அழைத்தவர் கடவுள் என்று நம்பினார்கள். ஏற்றுக்கொண்டால் அடி விழுந்தது. முதல் ஊழியத்தைச் செய்துகொண்டிருந்த அதே மக்கள் இரண்டாவது ஊழியத்தைக் கையில் எடுத்தபோது நடந்ததே இன்றைய நம்முடைய கதை.

பட்டாளத்துக்காரர் படித்த புத்தகம்

நம் பாடப்புத்தகங்களில் மிஷனரி வரலாறு என்பது கப்பலில் வந்து இறங்கியவர்களின் வரலாறு. சீகன்பால்கும் புளுட்சோவும் 1706-இல் தரங்கம்பாடியில் இறங்கினார்கள். சீகன்பால்க் தமிழில் பெயர்த்த புதிய ஏற்பாடு 1714, 1715 ஆண்டுகளில் அங்கே அச்சானது. இது எல்லோருக்கும் தெரியும். அந்தப் புத்தகத்தைத் தஞ்சாவூர் நாட்டுக்குள் கொண்டுபோனவர் யார் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்?

தரங்கம்பாடி டேனிஷ்காரர்களுடையது. தஞ்சை அரசரின் நாட்டுக்குள் ஐரோப்பிய மிஷனரிகள் நினைத்தபடி நுழைந்துவிட முடியாது. அந்த எல்லையைத் தாண்டிப் போனவர் ராஜநாயக்கன். பறையர்; கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர்; தஞ்சை அரசின் படையில் வேலை பார்த்தவர். வளர்ந்த பிறகு எழுத்துக் கற்றுக்கொண்டு, கைக்குக் கிடைத்த அந்த அச்சுப் புத்தகத்தைப் படித்தார். படித்ததன் பொருளைத் தேடி 1727-இல் தரங்கம்பாடிக்கு வந்தார். யாரும் அவரைத் தேடிப் போகவில்லை என்பதைக் கவனியுங்கள். பிறகு படை வேலையை விட்டுவிட்டு உபதேசியார் ஆனார். நாற்பது ஆண்டுகளுக்கும் மேல் தஞ்சைப் பகுதியில் கால்நடையாகவே ஊர் ஊராகச் சென்றார்.

அவரை எதிர்த்தவர்களில் முன்னால் நின்றவர்கள், அவர் விட்டு வந்த கத்தோலிக்க சபையைச் சேர்ந்தவர்கள். வீடு தேடி வந்து நடத்திய தாக்குதலில் அவருடைய தந்தை கொல்லப்பட்டார். அப்பனைப் பறிகொடுத்த பிறகும் அந்த மனிதர் வேலையை நிறுத்தவில்லை.

இதைவிட நாம் மனதில் இருத்த வேண்டிய எதிர்ப்பு இன்னொன்று. அதில் கத்தியும் இல்லை, தடியும் இல்லை. 1733-இல் தரங்கம்பாடி மிஷன் முதல் தமிழ்க் குருவுக்குப் பட்டம் கொடுத்தது. பட்டம் பெற்றவர் ஆரோன், வேளாளர். அடுத்த குருவைத் தேர்ந்தெடுக்க வேண்டி வந்தபோது ராஜநாயக்கன் பெயரும் பேச்சில் அடிபட்டது. உழைப்பிலோ அறிவிலோ அவரிடம் குறை சொல்ல எதுவும் இல்லை. ஆனால் பறையர் ஒருவரின் கையிலிருந்து திருவிருந்தை வாங்க உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் முன்வரமாட்டார்கள் என்று மிஷனரிகள் தயங்கினார்கள். 1741-இல் குருப்பட்டம் தியோகோவுக்குப் போனது. ராஜநாயக்கன் 1771-இல் இறக்கும்வரை உபதேசியாராகவே இருந்தார்.

எதிரி அப்பனைக் கொன்றான். சொந்த சபை பட்டத்தை மறுத்தது. பார்வைக்கு இவை இரண்டும் வேறு வேறு. ஆனால் இரண்டிலும் கேட்கப்பட்ட கேள்வி ஒன்றுதான்: ‘இதைச் சொல்ல நீ யார்?’ அவர் சொன்ன சொல்லைச் சபை ஏற்றுக்கொண்டது. அதைச் சொன்ன வாயை ஏற்கவில்லை. அப்பம் புனிதமாகத்தான் இருந்தது. அதைப் பிட்டுத் தரும் கைதான் சிக்கலாகிவிட்டது.

மயிலாடியில் மிஷனரிக்கு முன்னால் வந்தவர்

அடுத்தவர் தெற்கே, இன்றைய குமரி மாவட்டத்தின் மயிலாடியில் வாழ்ந்தவர். பெயர் மகாராசன். சாம்பவர். சிதம்பரத்துக்கு யாத்திரை போனவர், போன இடத்தில் தேடிய அமைதி கிடைக்காமல் திரும்பும் வழியில் தஞ்சாவூரில் கோலாப் என்ற மிஷனரியின் பேச்சைக் கேட்டார். 1799-இல் திருமுழுக்குப் பெற்று வேதமாணிக்கம் ஆனார்.

அவர் தஞ்சையிலேயே தங்கியிருக்கலாம். ஆனால் ஊருக்குத் திரும்பினார். தன் சொந்தங்களிடம் பேசினார், சிலர் சேர்ந்தார்கள், தொல்லையும் கூடவே வந்தது. ஒரு கட்டத்தில், தன்னோடு சேர்ந்தவர்களை அழைத்துக்கொண்டு தஞ்சைப் பக்கமே குடிபெயர்ந்துவிடலாமா என்று யோசிக்கும் அளவுக்கு நெருக்கடி முற்றியது. ‘எங்களுக்கு ஒரு போதகரை அனுப்புங்கள்’ என்று அவர் விடாமல் கேட்டதன் பலனாகத்தான் லண்டன் மிஷனைச் சேர்ந்த ரிங்கல்தௌபே 1806-இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். ஆலயம் கட்ட அரசின் அனுமதி பெறுவதற்கே ஆண்டுகள் ஆயின. 1809-இல்தான் மயிலாடியில் வேலை தொடங்கியது. 1816-இல் ரிங்கல்தௌபே உடல்நலம் கெட்டு ஊரைவிட்டுப் போனபோது பொறுப்பை வேதமாணிக்கத்திடம் ஒப்படைத்தார். 1818-இல் சார்லஸ் மீட் வரும்வரை அந்தச் சபைகளைக் காத்தவர் அவர்தான்.

தென் திருவிதாங்கூரில் பள்ளி, அச்சகம், பெண்கல்வி, தோள்சீலைப் போராட்டம், அடிமை ஒழிப்பு என்று நாம் எண்ணிச் சொல்லும் மாற்றங்களில் மிஷனுக்குப் பங்கு உண்டு. அந்த மிஷன் மயிலாடிக்கு வந்ததற்குக் காரணம், ஒரு சாம்பவர் போய் அழைத்தது. ‘மிஷனரிகள் வந்தார்கள், தலித்துகள் மாறினார்கள்’ என்று எழுதுவது வழக்கமாகிவிட்டது. வேதமாணிக்கத்தின் கதையை வைத்துப் பார்த்தால், தலித் அழைத்தார், மிஷனரி வந்தார் என்றுதான் அந்த வாக்கியத்தை எழுத வேண்டும்.

திருவிதாங்கூர் ஊழியத்துக்கு இங்கே திரும்ப வருவோம். கர்னல் மன்றோ ரெசிடென்டாக இருந்த ஆண்டுகளில், கிறிஸ்தவர்களை ஞாயிற்றுக்கிழமை ஊழிய வேலைக்கு அழைக்கக் கூடாது என்ற சலுகை வந்தது. வாரத்தில் ஒரே ஒரு நாள்தான். ஆனால் தன் நேரம் தனக்குச் சொந்தம் என்று சொல்லும் உரிமையே இல்லாதிருந்த மனிதருக்கு அந்த ஒரு நாள் எவ்வளவு பெரியது என்று நினைத்துப் பாருங்கள். அந்த ஒரு நாளை விட்டுக்கொடுக்க மனமில்லாமல்தான் ஊர் அதிகாரிகளும் நிலக்காரர்களும் மல்லுக்கு நின்றார்கள்.

தோல் போன வழியில் சொல்லும் போனது

தெற்கிலிருந்து வடக்கே போவோம். ஓங்கோல் இன்று ஆந்திரத்தில் இருக்கிறது; அன்று சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்தில் இருந்தது. அங்கே எர்ரகுண்ட்ல பெரய்யா என்ற மாதிகர் இருந்தார். தோல் வாங்கி விற்பவர். குருமார்களிடம் யோகம் பயின்று உண்மையைத் தேடிக்கொண்டிருந்தவர். 1866-இல் அவரும் அவருடைய மனைவி நாகம்மாவும் திருமுழுக்குப் பெற்றார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் ஜான் கிளஃப் என்ற அமெரிக்க பாப்டிஸ்ட் மிஷனரி ஓங்கோலுக்குக் குடிவந்தார். ‘எங்கள் ஊருக்கு வாருங்கள்’ என்று அவரை அழைத்தவர் பெரய்யா. 1867 ஜனவரியில் கிளஃப் போய்ப் பார்த்தபோது அங்கே ஒரு கூட்டமே ஆயத்தமாக இருந்தது. 28 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். ஆயத்தம் செய்தவர்கள் பெரய்யாவும் நாகம்மாவும்.

ஏழு ஆண்டுகள் கழித்துப் பஞ்சாபில், இன்று பாகிஸ்தானில் இருக்கும் சியால்கோட் பக்கம், தித் என்ற ஒருவர் வந்தார். சூஹ்ரா சமூகத்தவர். குள்ளமான மனிதர், கால் ஊனம், தோல் வியாபாரம். 1873-இல் திருமுழுக்குப் பெற்றவுடன், ‘நான் ஊருக்குத் திரும்பிப் போகிறேன்’ என்றார். மிஷனரி தயங்கினார், துணைக்கு யாரும் இல்லாத ஊரில் இவர் தனியாக எப்படித் தாக்குப்பிடிப்பார் என்பது அவர் கவலை. தித் நொண்டியபடியே முப்பது மைல் நடந்து ஊர் போய்ச் சேர்ந்தார். சாகிப் ஆகிவிட்டாயா என்று சொந்தக்காரர்கள் கேலி செய்தார்கள். உறவு அறுந்தது என்றார்கள். இரண்டே மாதத்தில் மனைவியையும் மகளையும் அக்கம்பக்கத்தார் இருவரையும் அழைத்துக்கொண்டு மறுபடி சியால்கோட்டுக்கு நடந்து வந்தார். அதன்பிறகு தோல் வாங்கப் போன ஊர்களிலெல்லாம் பேசினார். அடுத்த சில பத்தாண்டுகளில் அந்த மாவட்டத்துச் சூஹ்ராக்களில் பெரும்பான்மையோர் கிறிஸ்தவர்கள் ஆனார்கள்.

பெரய்யாவும் தித்தும் ஒருவரை ஒருவர் அறியாதவர்கள். மொழி வேறு, மிஷன் வேறு. தொழில் மட்டும் ஒன்று. சமூகவியல் படிக்கும் மாணவர்கள் இந்த இடத்தில் சற்று நிற்க வேண்டும். ஊரில் செத்த மாட்டைத் தூக்க வேண்டியவர் என்பதால்தான் இவர்களைத் தீண்டாதவர் என்றார்கள். ஆனால் அந்தத் தோலை விற்க இவர்கள் ஊர் தாண்டிப் போக வேண்டியிருந்தது. பண்ணையில் கட்டுண்டு கிடந்த மற்ற கூலிகளுக்கு இல்லாத நடமாட்டம் தோல் வியாபாரிக்கு இருந்தது. ஒவ்வோர் ஊரிலும் தங்க ஒரு சேரி, பேச ஒரு சொந்தம், கொள்ள ஒரு சம்பந்தம். செய்தி அந்த வழியில்தான் பரவியது. இழிவு என்று தலையில் கட்டப்பட்ட தொழிலே சொல்லைக் கொண்டுபோகும் வழியாகவும் ஆனது. மிஷன் நிர்வாகம் போட்ட திட்டத்தில் இந்த வழி இல்லை. அது இவர்களுடைய சொந்த வழி.

பறையும் ஞாயிறும்

எதிர்ப்பு எந்த இடத்தில் வெடித்தது? இயேசு யார் என்ற விவாதத்தில் வெடிக்கவில்லை. ஓங்கோல் பகுதியில் மாதிகர்கள் கிறிஸ்தவர் ஆனதும் மூன்று விஷயங்களைச் செய்தார்கள்: ஊர்த் திருவிழாவில் பறையடிக்க மறுத்தார்கள், செத்த மாட்டின் இறைச்சியை உண்பதை விட்டார்கள், ஞாயிற்றுக்கிழமை வேலைக்கு வர மறுத்தார்கள். மூன்றுமே சாதி அவர்களுக்கு ஒதுக்கிவைத்த இடத்திலிருந்து வெளியேறும் செயல்கள். ஊர் பொறுத்துக்கொள்ளவில்லை. கிளஃப் எழுதிவைத்ததைப் படித்தால் இன்றைய ஊர்விலக்குச் செய்தியைப் படிப்பது போலவே இருக்கிறது. வண்ணார் இவர்கள் துணியைத் துவைக்கக் கூடாது. குயவர் பானை விற்கக் கூடாது. பொது மேய்ச்சல் நிலத்தில் இவர்கள் மாடு மேயக் கூடாது. செருப்பும் வார்ப்பட்டையும் தைக்க இவர்களுக்கு வேலை தரக் கூடாது. அறுவடைக் களத்தில் இவர்களுக்குப் பங்கு இல்லை.

பறையை இன்று நாம் விடுதலையின் கருவியாக எடுத்து முழக்குகிறோம். அன்று அவர்கள் அதைக் கீழே வைத்தார்கள். இரண்டும் ஒன்றுக்கொன்று முரண் என்று நாம் நினைக்கவில்லை. எப்போது அடிப்பது, யாருக்காக அடிப்பது, எப்போது நிறுத்துவது என்பதைத் தானே முடிவு செய்யும் உரிமைதான் இரண்டு இடத்திலும் பேசப்படுகிறது. ஊர் எதிர்த்தது அந்த உரிமையை. புதிய சாமி ஒன்று வந்ததால் பழைய சாமிக்கு எந்த நட்டமும் இல்லை; பறையடிக்க ஆள் இல்லாமல் போனதுதான் ஊருக்கு நட்டம்.

சோற்றுக்கு மாறியவர்களா?

‘கஞ்சிக்காக மதம் மாறினார்கள்’ என்ற பழிச்சொல்லை நாம் எல்லோரும் கேட்டிருக்கிறோம். பள்ளிக்கூடத்திலேயே சக மாணவர்கள் வாயிலிருந்து கேட்டவர்களும் இந்த அரங்கில் இருப்பார்கள். இந்தப் பழிக்கு ஓங்கோல் ஒரு பதில் வைத்திருக்கிறது.

1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவைப் பெரும்பஞ்சம் உலுக்கியது. பக்கிங்காம் கால்வாயின் மூன்றரை மைல் நீளத்தை வெட்டும் ஒப்பந்தத்தைக் கிளஃப் எடுத்தார். பட்டினியில் கிடந்தவர்களுக்கு அதில் கூலி கிடைத்தது. தெலுங்கு உபதேசியார்கள் மேஸ்திரிகளாக நின்றார்கள். வெட்டுகிறவர்கள் இளைப்பாறும் நேரத்தில் அவர்களோடு உட்கார்ந்து பேசினார்கள். சென்னை நகரின் ஊடே ஓடும் அந்தக் கால்வாயின் வடக்குப் பகுதியில் மாதிகர்களின் வியர்வை கலந்திருக்கிறது. பஞ்சம் நடந்த ஓராண்டுக்கும் மேற்பட்ட காலம் கிளஃப் யாருக்கும் திருமுழுக்குக் கொடுக்கவில்லை. சோற்றுக்காக வந்தார்கள் என்ற பேச்சு எழக்கூடாது என்பது அவர் எண்ணம். நிவாரணம் நின்று, கூலியும் நின்று, கொடுப்பதற்கு எதுவும் இல்லை என்று சொல்லிய பிறகும் மக்கள் திரும்பி வந்தார்கள். 1878 ஜூலை 3 அன்று குண்டலகம்மா ஆற்றங்கரையில் ஒரே நாளில் 2,222 பேர் திருமுழுக்குப் பெற்றார்கள். ஆற்றில் இறங்கி நின்று திருமுழுக்குக் கொடுத்தவர்கள் ஆறு தெலுங்குப் போதகர்கள். இருவர் இருவராக மாறி மாறி நின்றார்கள். அன்று கிளஃப் ஒருவருக்கும் கொடுக்கவில்லை.

இதை வைத்துக்கொண்டு எல்லா மதமாற்றமும் அப்பழுக்கற்றது என்று நாம் வாதாட வரவில்லை. பசி இருந்தது, பாதுகாப்புத் தேவைப்பட்டது, வெள்ளைக்காரரின் சிபாரிசு கச்சேரியில் எடுபடும் என்ற கணக்கும் சிலரிடம் இருந்திருக்கும். மானத்தோடும் வயிறார உண்டும் வாழ விரும்புவது எந்த மதத்தில் குற்றம்? பண்ணையாரின் கோயிலில் பிரசாதம் வாங்கியவரை யாரும் சோற்றுப் பக்தர் என்று சொல்வதில்லை. தலித் ஒருவர் எதைத் தேர்ந்தெடுத்தாலும் விலைபோனார் என்று சொல்வது, அவருக்குத் தேர்ந்தெடுக்கும் மனமே கிடையாது என்று சொல்வதற்கு ஒப்பாகும்.

ஆலயத்துக்குள் எழுந்த எதிர்ப்பு

வெளியிலிருந்து வந்த எதிர்ப்பைப் பற்றி சபைகளில் நிறையப் பேசுகிறார்கள். இரத்தசாட்சிகளின் பட்டியல் வாசிக்கிறார்கள். உள்ளே எழுந்த எதிர்ப்பைப் பற்றிப் பேச்சு குறைவு. ராஜநாயக்கனுக்குப் பட்டம் மறுக்கப்பட்டு நூறு ஆண்டுகள் ஆகப்போகும் நேரத்தில், 1833-இல், சபைக்குள் சாதி வேறுபாடு கூடாது என்று ஆயர் டேனியல் வில்சன் சுற்றறிக்கை விட்டார். இருக்கையிலும் திருவிருந்திலும் பிரிவினை கூடாது என்றார். தஞ்சையிலும் திருச்சியிலும் வேப்பேரியிலும் உயர்சாதிக் கிறிஸ்தவர்கள் பெருங்கூட்டமாகச் சபையை விட்டு விலகினார்கள். கிறிஸ்துவை விடுவது அவர்களுக்கு எளிதாக இருந்தது; வரிசையை விடுவதுதான் கடினமாக இருந்தது.

கேரளத்தில் பொய்கையில் யோகன்னான் பறையர் குடும்பத்தில் பிறந்தவர், சிறந்த பேச்சாளர். மார்த்தோமா சபையிலும் பிறகு பிரதரன் சபையிலும் ஊழியம் செய்தார். போன இடத்திலெல்லாம் சாதி முன்னால் வந்து உட்கார்ந்திருந்தது. கடைசியில் வெளியேறிப் பிரத்யக்ஷ ரக்ஷா தெய்வ சபை என்ற தனி இயக்கத்தையே கட்டினார். அழைப்பைக் கேட்ட ஒருவரைச் சபையே வெளியே துரத்திய கதை இது. அவருடைய வெளியேற்றமும் நம் பார்வையில் ஓர் ஊழியம்தான்.

இன்றும் தனிக் கல்லறையும் தனித் தேர்வழியும் உள்ள ஊர்களை நாம் அறிவோம். இந்தியக் கத்தோலிக்க ஆயர் பேரவை 2016-இல் வெளியிட்ட தலித் கொள்கை அறிக்கையே சபைக்குள் தீண்டாமை இருப்பதை ஒப்புக்கொண்டது. ஒப்புக்கொண்டது நல்லது. ஒப்புக்கொண்ட பிறகும் கல்லறைச் சுவர் அங்கேயே நின்றால், ராஜநாயக்கனிடம் கேட்ட கேள்வியைச் சபை இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறது என்றே பொருள்.

சட்டம் எந்தப் பக்கம்?

1936-இல், அம்பேத்கர் இந்து மதத்தைவிட்டு வெளியேறப்போவதாக அறிவித்த மறு ஆண்டில், ஜான் மாட் என்ற அமெரிக்கக் கிறிஸ்தவத் தலைவர் காந்தியாரைச் சந்தித்தார். தீண்டப்படாத மக்களுக்கு நற்செய்தி சொல்வது பற்றிப் பேச்சு வந்தபோது, பசுவிடம் போய்ப் பிரசங்கம் செய்வீர்களா என்று காந்தியார் கேட்டார். புரிந்துகொள்வதில் அவர்களில் சிலர் பசுவைவிட மோசம் என்றும் சொன்னார். அந்த உரையாடல் அவருடைய ‘ஹரிஜன்’ இதழிலேயே வெளியானது. அப்போது ராஜநாயக்கன் அந்த அச்சுப் புத்தகத்தைப் படித்து இருநூறு ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்த எண்ணம் சட்டத்திலும் குடிபுகுந்தது. அரசமைப்பின் 25-ஆவது பிரிவு மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் உரிமை தருகிறது. ஆனால் ஒடிசாவின் 1967 சட்டம், பலவந்தமாகவோ ஆசை காட்டியோ மதம் மாற்றினால் ஓராண்டுச் சிறை என்றது. மாற்றப்பட்டவர் குழந்தையாகவோ பெண்ணாகவோ பட்டியல் சாதி, பழங்குடியினராகவோ இருந்தால் இரண்டாண்டு என்றது. தமிழ்நாட்டில் 2002-இல் கொண்டுவந்து 2004-இல் கைவிடப்பட்ட சட்டத்திலும் இதே ஏற்பாடு இருந்தது. குழந்தையையும் பெண்ணையும் தலித்தையும் ஒரே வரியில் நிறுத்துவது பாதுகாப்புப் போலத் தோன்றும். வளர்ந்த ஒரு தலித்துக்குத் தன் மனதைத் தானே ஆளத் தெரியாது என்பது அந்த வரியின் உட்பொருள். 1977-இல் ஸ்டெய்னிஸ்லாஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஒடிசா, மத்தியப் பிரதேசச் சட்டங்களைச் செல்லும் என்றது; பரப்பும் உரிமையில் பிறரை மாற்றும் உரிமை அடங்காது என்றது.

இன்னொரு கதவும் சாத்தப்பட்டது. 1950-இன் குடியரசுத் தலைவர் ஆணை, இந்து அல்லாதவர் பட்டியல் சாதியினர் ஆகமாட்டார் என்றது. சீக்கியர் 1956-இலும் பௌத்தர் 1990-இலும் சேர்க்கப்பட்டார்கள். தலித் கிறிஸ்தவரும் தலித் இஸ்லாமியரும் இன்றும் வெளியே நிற்கிறார்கள். சென்னையில் தெருவோரம் செருப்புத் தைத்த சூசை என்ற ஆதிதிராவிடக் கிறிஸ்தவர், இந்துவான சக தொழிலாளிக்கு அரசு கொடுத்த பெட்டிக்கடை தனக்கும் வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் வரை போனார். மதம் மாறிய பின்னும் அதே அளவு சாதிக்கொடுமை தொடர்கிறது என்பதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று 1985-இல் நீதிமன்றம் அவர் மனுவைத் தள்ளியது. பெரய்யாவும் தித்தும் கையாண்ட அதே தோலைத்தான் சூசையும் தைத்துக்கொண்டிருந்தார். சாதி அவர் கையை விடவில்லை, சட்டம் விட்டுவிட்டது.

ரங்கநாத் மிஸ்ரா ஆணையம் 2007-இல் இந்த மதத் தடையை நீக்கச் சொன்னது; அது நடக்கவில்லை. 2022-இல் கே.ஜி.பாலகிருஷ்ணன் தலைமையில் இன்னோர் ஆணையம் அமைந்தது. இதன் விளைவு வேலை இடஒதுக்கீட்டோடு முடிவதில்லை. பட்டியல் சாதியினராக ஏற்கப்படாதவர் தாக்கப்பட்டால், 1989-இன் வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் அவருக்கு உதவாது. நம்பிக்கையை அறிவிக்கப் போகும் தலித் ஒருவர், அடி வாங்கும்போது சாதியால் தலித். புகார் கொடுக்கும்போது மதத்தால் கிறிஸ்தவர். 2008-இல் கந்தமாலில் வீடிழந்து காட்டுக்குள் ஓடியவர்களில் பெரும்பகுதியினர் பாணர் என்ற தலித் சமூகத்துக் கிறிஸ்தவர்கள். அவர்கள் இந்த இரட்டைக் கணக்கின் நடுவே மாட்டிக்கொண்டவர்கள்.

நாம் செய்ய வேண்டியது

செயல்பாட்டாளர்களாகிய நாம், ஒருவர் நம்பிக்கையை அறிவிக்கும் உரிமையை, அந்த நம்பிக்கை நமக்கு இல்லாவிட்டாலும் காக்க வேண்டும். பாபாசாகேப் கிறிஸ்தவத்தைத் தேர்ந்தெடுக்கவில்லை. சமூக அநீதியைத் தட்டிக் கேட்காத கிறிஸ்தவர்களைக் கடுமையாக விமர்சித்தார். 1956-இல் நாக்பூரில் அவர் பௌத்தம் ஏற்றதும் லட்சக்கணக்கானோர் பின்தொடர்ந்ததும் அதே மனச்சான்று உரிமையின் மேல் நின்று நடந்தவை. ஒருவர் வாயை அடைக்கும் சட்டம் நாளை இன்னொருவர் தீட்சை மேடையையும் அடைக்கும். அதேபோல், அறிவிக்கும் உரிமை உள்ள இடத்தில் வேண்டாம் என்று சொல்லும் உரிமையும் உண்டு. சேரியின் குலசாமியைப் பேய் என்று இழித்துப் பேசும் ஊழியம், பண்ணையார் பேசிய மொழியையே திருப்பிப் பேசுகிறது. ராஜநாயக்கனின் வழியில் போக விரும்புகிறவர் அதைச் செய்யமாட்டார்.

மாணவர்களுக்கு ஒரு வேலை இருக்கிறது. மிஷன் அறிக்கைகளில் மிஷனரியின் பெயர் பெரிதாக இருக்கும். அடுத்த வரியில் ‘சுதேச உதவியாளர்’ என்று ஒருவர் பெயரில்லாமல் வருவார். அந்த ‘உதவியாளர்’தான் நம் பாட்டன். வீடு வீடாகப் போய்ப் பெண்களுக்குப் படித்துக்காட்டிய வேதாகமப் பெண்களில் நாகம்மாவைப் போலப் பெயர் தெரிந்தவர்கள் சிலர்தான். திருமுழுக்குப் பதிவேடுகளில், கல்லறைக் கற்களில், சேரிக் கிழவிகளின் நினைவில் மற்றவர்கள் இருக்கிறார்கள். பதிவேட்டைச் செல் அரிப்பதற்கு முன்னால், கிழவிகள் போவதற்கு முன்னால் போய்க் கேளுங்கள். யார் முதலில் சொன்னது, யார் அடித்தது, ஆலயத்தில் எங்கே உட்கார வைத்தார்கள் என்று கேட்டு எழுதுங்கள். இந்த மூன்று கேள்விக்கும் பதில் சேர்ந்தால் ஓர் ஊரின் சாதி வரலாறு கிடைத்துவிடும்.

சபைத் தலைவர்களிடம் நாம் கேட்பது ஒன்றுதான். பிரசங்கத்தில் இரத்தசாட்சிகளைப் பற்றிப் பேசும் நாளில், பட்டம் மறுக்கப்பட்ட உபதேசியாரின் பெயரையும் சேர்த்து வாசியுங்கள். வாசித்த பிறகு, உங்கள் ஊர்க் கல்லறையின் நடுச்சுவரை இடிக்க ஒரு தேதி குறியுங்கள்.

கட்டாய ஊழியம் சட்டப்படி ஒழிந்துவிட்டது. தானாக ஏற்ற ஊழியத்துக்கு இன்னும் எதிர்ப்பு இருக்கிறது. ‘இதைச் சொல்ல நீ யார்?’ என்று இனி யாராவது கேட்டால், ராஜநாயக்கன், வேதமாணிக்கம், நாகம்மா, பெரய்யா, தித் என்று பெயர்களைச் சொல்லிப் பதில் தருவோம்.